பழைய கட்டில், பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள்: குறைந்த செலவில் பெயிண்ட் அடித்துப் புதுப்பிப்பது எப்படி?

செம்பூர்க் குடித்தனம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் ஒரு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் இருக்கிறோம். அந்த அறையில் மூன்று பழைய சாமான்கள் உள்ளன. ஒன்று, என் மாமனார் மாட்டுங்காவில் குடியிருந்த காலத்தில் ஆசாரியை வைத்துச் செய்த தேக்குக் கட்டில். அதன் பாலிஷ் கறுத்துவிட்டது, தலைமாட்டுப் பலகையில் தலை சாயும் இடம் பிசுபிசுப்பாக இருக்கிறது. மற்றொன்று சாம்பல் நிற இரும்பு பீரோ; அடிப்பகுதியில் துரு ஏறியிருந்தாலும் கதவும் பூட்டும் நன்றாக வேலை செய்கின்றன. மூன்றாவது, சன்மைக்கா ஒட்டிய டிரெஸ்ஸிங் டேபிள்; கண்ணாடிக்கு ஒரு குறையும் இல்லை, கீழ்ப்பலகை மட்டும் ஈரத்தில் ஊதியிருக்கிறது.

புதிதாக வாங்கலாம் என்று விசாரித்துப் பார்த்தோம். எங்களால் கொடுக்க முடிந்த விலையில் கிடைப்பவை எல்லாம் மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள்தாம். இன்னொரு வீடு மாறினால் அவை தாங்குமா என்பது சந்தேகம். ஆகவே இருப்பவற்றுக்கே பெயிண்ட் அடித்து, மூன்றையும் ஒரே வெளிர் நிறத்தில் கொண்டுவர விரும்புகிறேன். செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, வேலையை நாங்களே செய்ய வேண்டும்.

எனக்கு இருக்கும் பெரிய பயம், பெயிண்ட் உரிந்துவிடுமோ என்பதுதான். முன்பிருந்த வீட்டில் ஒரு பெயிண்டரை அழைத்து அலமாரிக் கதவுகளுக்கு வெள்ளை அடிக்கச் சொன்னோம். ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார், பார்க்கவும் அழகாக இருந்தது. ஆனால் அடுத்த மழைக்காலம் வருவதற்குள் நகத்தால் கிள்ளினாலே ஏடு ஏடாகக் கையோடு வந்துவிட்டது. அது ஏன் நடந்தது, இந்த முறை அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

தாராவித் தச்சர் எழுதியது:

வணக்கம் அம்மா. உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற எல்லாவற்றுக்கும் விடை அதில்தான் இருக்கிறது. அந்தப் பெயிண்டர் பழைய பளபளப்பின் மேலேயே, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், பிரைமர் என்னும் அடிப்பூச்சும் இல்லாமல் அடித்திருப்பார். ஒரே நாளில் முடிந்தது என்று நீங்கள் சொல்வதிலிருந்தே அது தெரிகிறது. பெயிண்ட் பிடித்துக்கொள்ள அடியில் சொரசொரப்பு வேண்டும், எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. இவை இரண்டும் இல்லாத இடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் அது மேலே படர்ந்து கிடக்குமே தவிர ஒட்டாது.

உங்கள் அறையில் இருக்கும் மூன்றும் மூன்று வகைப் பரப்புகள். தேக்குக்குள் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. இரும்புக்குத் துரு எதிரி. சன்மைக்கா எதையும் உறிஞ்சாது. ஒரே டப்பாவைத் திறந்து மூன்றின் மேலும் அடித்தால், மூன்றும் வெவ்வேறு காரணத்தால் வெவ்வேறு காலத்தில் உரியும். ஆகவே நிறத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு, அடியில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டிலுக்கு ஓர் எளிய சோதனை சொல்கிறேன். கண்ணில் படாத இடமாக, காலின் உட்பக்கத்தில், பஞ்சில் சிறிது பாலிஷ் ஸ்பிரிட்டை நனைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பஞ்சு தேநீர் நிறமாக மாறி, பரப்பு விரலில் ஒட்டத் தொடங்கினால் அது கொம்பரக்கில் (ஷெல்லாக்) செய்த ஸ்பிரிட் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்கு இளகினால் அது லாக்கர் என்னும் வார்னிஷ் வகை. இரண்டுக்கும் அசையாவிட்டால் மெலமைன் அல்லது பி.யூ. (பாலியூரிதேன்) பூச்சு என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். மாமனார் காலத்துக் கட்டில் என்பதால் கொம்பரக்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன்: அந்தக் கட்டிலுக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள். கொம்பரக்குப் பாலிஷுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. புதிதாகப் பூசும் பாலிஷில் உள்ள ஸ்பிரிட் பழைய படலத்தை இளக்கி, இரண்டையும் ஒரே படலமாக்கிவிடும். அதனால் பழையதை அடியோடு எடுக்க வேண்டிய தேவை பல நேரங்களில் இருப்பதில்லை. தலைமாட்டில் மட்டும் தலை எண்ணெய் ஊறிப் பிசுக்கு ஏறியிருப்பதால், அந்த இடத்தை ஸ்பிரிட்டும் மெல்லிய இரும்புப் பஞ்சும் கொண்டு முழுவதும் கழுவி எடுத்துவிட்டு, மற்ற இடங்களை 320 எண் தாளில் இலேசாகத் தேய்த்து, மெல்லிய துணிப் பொட்டலத்தால் மூன்று நான்கு கை பூசினால் கட்டில் மீண்டுவிடும். இதற்கு ஆகும் பொருட்செலவு பெயிண்ட் அடிப்பதைவிடக் குறைவு. பழைய மும்பை வீடுகளில் இருந்து வரும் இத்தகைய தேக்கு இன்று புதிதாகக் கிடைப்பது அரிது. ஒருமுறை பெயிண்ட் அடித்துவிட்டால், பின்னால் அதை எடுப்பதற்கு ஆகும் உழைப்பு புதுக் கட்டில் செய்யும் உழைப்புக்குச் சமம்.

முலுண்ட் முல்லை எழுதியது:

தச்சர் ஐயா சொன்ன சோதனையை நானும் செய்திருக்கிறேன், மிகவும் பயனுள்ளது. ஆனால் தேக்குக்குப் பெயிண்ட் அடிக்கவே கூடாது என்பதை நான் ஏற்கவில்லை.

மும்பையில் நம்மில் பெரும்பாலோர் குடியிருக்கும் படுக்கையறை பத்துக்குப் பத்து. அதில் கறுத்த தேக்குக் கட்டில், இருண்ட பீரோ, ஒரே ஒரு சன்னல் என்றால், பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டிலும் ஒரு பழைய தேக்குக் கட்டில் இருந்தது. அதன் தலைமாட்டில் ஒரு பக்கம் வெடித்து, முன்பு யாரோ பிளைவுட் வைத்து ஒட்டுப் போட்டிருந்தார்கள். பாலிஷ் போட்டால் ஒட்டு தனியாகத் தெரியும். அதற்கு வெளிர் பச்சை கலந்த சாம்பல் நிறம் அடித்தோம். அறையும் வெளிச்சமானது, விற்றுவிடலாம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த கட்டிலில் இப்போது என் பிள்ளைகள் உறங்குகிறார்கள். மரத்தின் மதிப்பை எண்ணி யாரும் பயன்படுத்தாமல் பரணில் போடுவதைவிட, பெயிண்ட் அடித்தாவது பயன்படுத்துவது மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

செம்பூர்ச் சகோதரி, உங்கள் கட்டிலில் ஒட்டுப்போட்ட பலகையோ பிளைவுட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். முழுவதும் ஒரே தேக்கு என்றால் ஐயா சொல்வதுபோல் செய்யுங்கள். கலப்பு மரம் என்றால் பெயிண்ட் அடிப்பதில் எந்தக் குற்றமும் இல்லை.

தாராவித் தச்சர் எழுதியது:

கலப்பு மரமாக இருந்தால் எனக்கும் மறுப்பு இல்லை அம்மா. ஆனால் தேக்கின் மேல் வெளிர் நிறம் அடிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தேக்குச் சாறு நீர்ப் பெயிண்டின் வழியாக மேலே கசிந்து, வெள்ளையில் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். எத்தனை கை அடித்தாலும் அது வந்துகொண்டே இருக்கும். முதலில் தின்னர் நனைத்த துணியால் எண்ணெயைத் துடைத்து, மெழுகு நீக்கிய கொம்பரக்கை ஒரு கை பூசிக் காயவிட்டு, அதன் மேல் பிரைமர் அடித்தால் கசிவு நின்றுவிடும். மெழுகு நீக்காத கொம்பரக்கைப் பூசினால் மேலே வரும் பெயிண்ட் நன்றாகப் பிடிக்காது. கடையில் கேட்கும்போதே இதைத் தெளிவாகச் சொல்லி வாங்குங்கள்.

மரத்தின் அடியில் மாவுபோல் தூள் கொட்டியிருந்தால் அது உளு. முதலில் போராக்ஸ் வகை மருந்தைத் துளைகளில் ஏற்றி, புதிய தூள் கொட்டாமல் இருக்கிறதா என்று சில வாரங்கள் பார்த்த பிறகே மற்ற வேலை. பெயிண்ட் உளுவைக் கொல்லாது. மூட்டைப்பூச்சி இருந்த கட்டில் என்றால் பொருத்துகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, இடுக்குகளை லப்பத்தால் (இடுக்கை நிரப்பும் பசை) அடைத்துவிடுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் இருந்தவன் எழுதியது:

தாணேயில் பெயிண்ட் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இந்த இழையில் இதுவரை யாரும் குறிப்பிடாத ஒன்றை முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டில் குழந்தைகள் இருப்பவர்களும் இதைப் படிக்கிறார்கள்.

நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2016ஆம் ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டன. அவை நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1 முதல். அதன்படி பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. அதற்கு முன் அடிக்கப்பட்ட எனாமல் பெயிண்டுகளில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை ஆகிய பளிச்சென்ற நிறங்களில், ஈயம் அதிகமாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு. பழைய பீரோவையோ பழைய பெயிண்ட் அடித்த மரத்தையோ உலர்ந்த தாளால் தேய்த்தால், அந்தத் தூள் அறை முழுவதும் பரவி, தரையில் தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு, அதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. ஆகவே இரும்புச் சாமானை வாட்டர் பேப்பரை நனைத்து ஈரத்திலேயே தேயுங்கள். சேறுபோல் வருவதைத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். முகத்துக்கு என்95 கவசம் அணியுங்கள். சாதாரணத் துணி இந்தத் தூளைத் தடுக்காது. குழந்தையும் கருவுற்ற பெண்களும் அந்த வேளையில் வீட்டில் இல்லாமல் இருப்பது நல்லது.

அடுத்தது பெயிண்ட் தேர்வு. வழக்கமான சிந்தெடிக் எனாமல் டர்பன்டைனில் கரைவது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. பரப்பு உறுதியாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் வெள்ளையும் தந்த நிறமும் காலப்போக்கில் மஞ்சளாகும். வெளிச்சம் படாத இடத்தில், அதாவது கதவின் உட்புறத்திலும் சுவரோரத்திலும், இன்னும் விரைவாக மஞ்சளாகும். வெளிர் நிறம் விரும்புபவர்கள் அக்ரிலிக் வகை நீர் எனாமலைத் தேர்ந்தெடுப்பது சரி. வாடையும் மிகக் குறைவு. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் மீதமிருக்கிறது என்று அதையே சாமான்களுக்கு அடிக்கப் பலரும் நினைப்பார்கள். அது மென்மையான படலம், புழுக்கத்தில் இளகி, மேலே வைத்த பொருளோடு ஒட்டிக்கொள்ளும்.

உரியுமோ என்ற பயத்துக்கு எங்கள் துறையில் செய்யும் சோதனையை வீட்டிலும் செய்யலாம். மறைவான ஓரிடத்தில் பிரைமரும் ஒரு கை பெயிண்டும் அடித்து, சில நாட்கள் நன்றாகக் காயவிடுங்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கோலக் கட்டம்போல் கீறி, அதன் மேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் தேய்த்தது போதவில்லை, அல்லது எண்ணெய்ப் பசை மிச்சமிருக்கிறது. கட்டங்கள் அப்படியே நின்றால் துணிந்து முழுவதும் அடியுங்கள்.

செம்பூர்க் குடித்தனம் எழுதியது:

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு அனைவருக்கும் நன்றி. கட்டிலின் காலில் ஸ்பிரிட் வைத்துப் பார்த்தேன். பஞ்சு பழுப்பாகி விரலில் ஒட்டியது. ஒட்டுப் பலகை எதுவும் இல்லை, சட்டங்களும் தலைமாடும் ஒரே மரம்தான். ஆகவே கட்டிலுக்குப் பாலிஷ் என்று முடிவு செய்துவிட்டோம். என் கணவருக்கு இதில் சொல்ல முடியாத மகிழ்ச்சி.

இப்போது ஆகஸ்ட் மாதம், மழை விடவில்லை. வீட்டில் இருப்பது ஒரே படுக்கையறை, மொட்டைமாடிக்குச் செல்ல சொசைட்டியில் அனுமதி கிடைக்காது. இந்த நிலையில் எப்போது, எப்படித் தொடங்குவது? பீரோவையும் டிரெஸ்ஸிங் டேபிளையும் பற்றியும் விரிவாகச் சொல்லுங்கள்.

டோம்பிவ்லிக்காரன் எழுதியது:

மழைக்காலத்தில் தேய்க்கும் வேலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பூசும் வேலையை அக்டோபருக்குத் தள்ளுங்கள். சூலையிலும் ஆகஸ்டிலும் நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்தில் நீர்ப் பெயிண்ட் காய்வதற்கு இரு மடங்கு நேரம் ஆகும். கொம்பரக்கோ இன்னும் மோசம். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு, பாலிஷ் முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெண்மை படர்ந்துவிடும். அக்டோபர் வெயில் மற்ற எல்லாவற்றுக்கும் தொல்லை தந்தாலும் இந்த வேலைக்கு ஏற்றது.

ஒரே அறை என்றால் ஒரு நேரத்தில் ஒரு சாமானை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஓரடி நகர்த்தி, தரைக்குப் பழைய சேலையும் அதன் மேல் செய்தித்தாளும் விரித்து, காலையில் ஒரு கை அடித்தால் மாலைக்குள் வாடை பெருமளவு அடங்கும். அன்றிரவு கூடத்தில் படுத்துக்கொள்வது நல்லது. சன்னல்கள் திறந்திருக்கட்டும், மேலிருக்கும் மின்விசிறியைப் பெயிண்ட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரும்வரை போடாதீர்கள், அறையிலுள்ள தூசியெல்லாம் அதில் வந்து படியும்.

மற்றொன்று, நம்மில் பலரும் யோசிக்காமல் செய்வது. பொருள் மலிவாகக் கிடைக்கிறது என்று தெற்கு மும்பைக் கடைகளுக்குப் போய், தின்னரையும் ஸ்பிரிட்டையும் பையில் போட்டுக்கொண்டு லோக்கல் ரயிலில் ஏறிவிடுகிறோம். எளிதில் தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டுசெல்வது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நெரிசலான பெட்டியில் அந்த டப்பா கசிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இவற்றை வீட்டுப் பக்கத்து ஹார்டுவேர் கடையிலேயே வாங்குங்கள், பத்து இருபது ரூபாய் கூடுதலானாலும் பரவாயில்லை.

விக்ரோலி வாசி எழுதியது:

பீரோவைப் பற்றி நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக இருக்கும் பீரோவை நானே புதுப்பித்திருக்கிறேன். கோத்ரெஜ் நிறுவனம் இரும்பு பீரோ செய்யத் தொடங்கியது 1923ஆம் ஆண்டில்; அன்றிலிருந்து இந்த நகரத்தின் குடும்பங்கள் நகையையும் பத்திரத்தையும் பட்டுப்புடவையையும் அதை நம்பித்தான் வைத்திருக்கின்றன. பழைய பீரோவின் தகடு கனமானது. அதற்குச் செய்யும் செலவு ஒருநாளும் வீண்போகாது.

துரு அடியில் மட்டும் இருப்பதற்குக் காரணம், நாம் தினமும் தரை துடைக்கும் ஈரம். துணி பீரோவின் காலைத் தொட்டு, அடித்தகட்டின் மடிப்பில் தண்ணீர் தேங்கி, உள்ளிருந்து துரு பிடிக்கிறது. ஆகவே முதலில் பீரோவைக் காலி செய்து, இரண்டு பேர் சேர்ந்து மெதுவாகச் சாய்த்து, அடியை நன்றாகப் பாருங்கள். கம்பி பிரஷ்ஷால் தளர்ந்த துருவை எல்லாம் தேய்த்துத் தள்ளி, 80 எண் எமரித் தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள். அந்த இடங்களுக்கு மட்டும் அன்றே, தள்ளிப்போடாமல், ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுங்கள். வெறும் இரும்பு ஓர் இரவு இந்தக் காற்றில் கிடந்தாலே மறுபடி செம்மை படர்ந்துவிடும். வெறும் இரும்பின் மேல் நீர்ப் பெயிண்ட் நேரடியாகப் படவே கூடாது.

மற்றப் பரப்பில் தொழிற்சாலையில் சூளையில் வைத்துச் சுட்ட பழைய பெயிண்ட் இருக்கும். அது உறுதியானது, அதைச் சுரண்ட வேண்டாம். சோப்புத் தண்ணீரால் கழுவி, 320 எண் வாட்டர் பேப்பரால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்தால் போதும். கையால் தடவிப் பார்த்தால் வழுக்கல் போய், பலகையில் சாக்பீஸால் எழுதினால் இருக்கும் பிடிப்பு தெரிய வேண்டும். வெளிர் நிறம் அடிக்கப் போவதால், ரெட் ஆக்சைடின் செம்மை மேலே தெரியாமலிருக்க முழுவதும் ஒரு கை வெள்ளை அண்டர்கோட் (பெயிண்டுக்கு அடியில் வரும் பூச்சு) அடித்துக்கொள்ளுங்கள்.

அடிக்கும்போது கைப்பிடியையும் சாவித் துவாரத்தின் தகட்டையும் கழற்றிவிடுங்கள். கழற்ற முடியாவிட்டால் மாஸ்க்கிங் டேப் ஒட்டுங்கள். பூட்டுக்குள் பெயிண்ட் போனால் அதைச் சரிசெய்யும் கூலி உங்கள் மொத்தச் செலவையும் மிஞ்சிவிடும். மூலைகளுக்கு ஓரங்குல பிரஷ், அகன்ற பரப்புக்கு நான்கங்குல நுரை ரோலர். கனமாக ஒரு கை அடித்தால் வழிந்து கோடு விழும், ஆகவே மெல்லிதாக இரண்டு கை. அடித்த இடத்தில் ரோலரை மறுபடி மறுபடி ஓட்டாதீர்கள்.

வேலை முடிந்ததும் நான்கு கால்களுக்கும் ரப்பர் குமிழ் மாட்டுங்கள். தரையிலிருந்து ஓரங்குலம் உயர்ந்தாலே துரு திரும்பாது.

பவுடர் கோட்டிங், அதாவது பெயிண்ட் பொடியைத் தூவிச் சூளையில் சுட்டு, செய்து தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். அது நல்ல முறைதான். ஆனால் 180 முதல் 200 டிகிரி வரை சூடான சூளையில் வைக்க வேண்டியிருப்பதால் கண்ணாடி, பூட்டு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், வண்டிக் கூலியும் சேரும். 5,000 ரூபாய்த் திட்டத்துக்குள் அது அடங்காது.

முலுண்ட் முல்லை எழுதியது:

டிரெஸ்ஸிங் டேபிளுக்கு நான் சொல்கிறேன். மூன்றில் இதுதான் கடினம், பெரும்பாலும் உரிவதும் இதுதான். உங்கள் டேபிளின் இழுப்பறைக் குமிழைச் சுற்றிப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் தொட்ட விரல்கள் பல ஆண்டுகள் பட்டுப் பட்டு, வட்டமாக ஒரு மங்கல் படிந்திருக்கும். அதன் மேல் குங்குமத் தூளும் பவுடரும் ஒட்டி, ஈரத்துணியால் துடைத்தால் போகாத பசையாகியிருக்கும். முடிக்குத் தடவும் சீரத்தில் சிலிக்கோன் இருந்தால் இன்னும் சிக்கல். அது படிந்த இடத்தில் பெயிண்ட் ஒன்றுசேராமல் மீன்கண் போலக் குழி குழியாக விலகும்.

ஆகவே பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தை வெந்நீரில் கலந்து ஸ்காட்ச் பிரைட்டால் தேய்த்து, நல்ல தண்ணீரால் துடைத்து, காய்ந்தபின் ஸ்பிரிட் நனைத்த துணியால் மறுபடி துடையுங்கள். துணியைத் திருப்பிப் பார்த்தால் மஞ்சள் வராத வரைக்கும் இதைத் தொடர வேண்டும். அதன் பிறகே 220 எண் உப்புத்தாள். இந்த வரிசையை மாற்றி முதலில் தேய்த்தால், எண்ணெயைக் கீறல்களுக்குள் தள்ளிவிடுவோம். சாதாரண வுட் பிரைமர் சன்மைக்காவைப் பிடிக்காது. வழவழப்பான பரப்புக்கென்று விற்கும் ஒட்டும் பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். மொத்தப் பட்டியலில் விலை சற்று அதிகமான பொருள் இதுவாகத்தான் இருக்கும், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஊதிய கீழ்ப்பலகையைக் காப்பாற்ற முயல வேண்டாம். ஈரத்தில் ஊதிய மரத்தூள் பலகை மறுபடி பழைய கனத்துக்கு வராது. அதை மட்டும் கழற்றிவிட்டு, அளவுக்கு வெட்டிய பிளைவுட் துண்டு ஒன்று வாங்கிப் பொருத்துங்கள். வெட்டிய ஓரங்களுக்குப் பிரைமரை இரண்டு கை அடித்து அடைத்துவிடுங்கள், ஈரம் நுழைவது ஓரத்தின் வழியாகத்தான்.

அந்தேரி அகல்யம் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. சாக் பெயிண்ட் அடித்தால் தேய்க்கவே வேண்டாம், பிரைமரும் வேண்டாம் என்று காணொளிகளில் காட்டுகிறார்களே, அது சரியா? வீட்டிலேயே எமல்ஷனில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்து செய்துகொள்ளலாம் என்றும் சொல்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில் இருந்தவன் எழுதியது:

இந்த வகைப் பெயிண்டை 1990ஆம் ஆண்டில் பிரிட்டனில் உருவாக்கியவர் ஆனி ஸ்லோன் என்ற பெண்மணி. அதில் நிரப்புப்பொருள் அதிகம் என்பதால் மங்கலான, சற்றுச் சொரசொரப்பான தோற்றம் கிடைக்கும். பழைய மரத்தில் நன்றாகவே ஒட்டும். ஆனால் அந்தப் படலம் தனியாக நிற்காது, மேலே மெழுகோ வார்னிஷோ கட்டாயம் வேண்டும். மும்பைப் புழுக்கத்தில் மெழுகு பிசுபிசுக்கும், ஆகவே நீர் அடிப்படையிலான நிறமற்ற வார்னிஷ் நல்லது. எண்ணெய்ப் பசையைக் கழுவாமல் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தப் பெயிண்டுக்கும் அந்த விலக்கு கிடையாது.

வீட்டில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்து செய்தால், அது கலந்த சிறிது நேரத்திலேயே இறுகத் தொடங்கும். தேவையான அளவை மட்டும் அவ்வப்போது கலக்க வேண்டும், கட்டி விழுந்தால் பரப்பு கெடும். புகைப்படச் சட்டம், சிறு முக்காலி போன்றவற்றில் முயன்று பாருங்கள். தினமும் கை படும் டிரெஸ்ஸிங் டேபிளுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

விக்ரோலி வாசி எழுதியது:

செலவுக் கணக்கைப் பார்ப்போம். பீரோ ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்று வைத்துக்கொண்டால், முன்புறம், இரண்டு பக்கங்கள், மேற்பரப்பு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 44 சதுர அடி. பின்புறம் சுவரைப் பார்த்து இருப்பதால் அதற்குத் துருவெடுத்துப் பிரைமர் அடித்தால் போதும். ஒரு லிட்டர் எனாமலை ஒரு கைக்கு 100 சதுர அடி என்று கணக்கிட்டால், பீரோவுக்கு இரண்டு கை அடித்தும் சிறிது மிஞ்சும். அதனுடன் அரை லிட்டர் கூடுதலாக வாங்கினால் டிரெஸ்ஸிங் டேபிளும் முடிந்துவிடும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே நிற எண் கொடுத்துக் கலக்கச் சொல்லி வாங்குங்கள். தனித்தனியாகக் கலந்தால் நிறத்தில் நூலிழை வேறுபாடு வரலாம், ஒரே அறையில் அது கண்ணை உறுத்தும்.

பிரைமர்கள், தாள்கள், பிரஷ், ரோலர், கொம்பரக்கு, ஸ்பிரிட், பிளைவுட் துண்டு எல்லாம் சேர்ந்தாலும் உங்கள் தொகைக்குள் முடியும் என்பது என் கணிப்பு. பணம் மிஞ்சினால் டிரெஸ்ஸிங் டேபிளுக்குப் புதிய பித்தளைக் குமிழ்கள் வாங்குங்கள். பழைய துளைகளின் இடைவெளியை அளந்துகொண்டு போனால், புதிதாகத் துளை போட்டுப் பழையதை லப்பத்தால் அடைக்கும் வேலை மிச்சம்.

செம்பூர்க் குடித்தனம் எழுதியது:

முடிவு செய்துவிட்டோம். மழை ஓயும்வரை கழுவுவதும் தேய்ப்பதும், துருவெடுத்த இடத்துக்கு அன்றே பிரைமர் அடிப்பதும் மட்டும். தசரா முடிந்ததும் பீரோவுக்கும் டிரெஸ்ஸிங் டேபிளுக்கும் வெளிர் சாம்பல், தீபாவளிக்கு முன் கட்டிலுக்குப் பாலிஷ். தேக்கின் பழுப்புக்கு அந்தச் சாம்பல் பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மகளை அந்த நாட்களில் முலுண்டில் இருக்கும் என் அக்கா வீட்டில் விடுவதாகப் பேசிவிட்டேன்.

கடைசியாக இரண்டு ஐயங்கள். இழுப்பறைகளின் உட்புறத்துக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டுமா? வேலை முடிந்த எத்தனை நாட்களில் பழையபடி பயன்படுத்தத் தொடங்கலாம்?

தாராவித் தச்சர் எழுதியது:

இழுப்பறையின் முகப்புக்கு மட்டும் அடியுங்கள் அம்மா. பக்கப் பலகைகளுக்கும் அவை ஓடும் சட்டத்துக்கும் அடித்தால் கனம் கூடி இறுகிக்கொள்ளும், மழைக்காலத்தில் இழுக்கவே வராது. அங்கே மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்துவிடுங்கள், வழுக்கிக்கொண்டு ஓடும். உட்புறத்துக்குக் கெட்டித்தாள் வெட்டி விரித்தால் போதும்.

பெயிண்ட் தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும், ஆனால் உள்ளே முழுவதும் இறுக மூன்று நான்கு வாரங்கள் ஆகும். ஒரு வாரம் கழித்துத் துணிமணிகளை அடுக்கலாம்; பீரோவின் மேல் பெட்டி வைப்பதை மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள், இல்லாவிட்டால் பெட்டியின் அடி பதிந்து ஒட்டிக்கொள்ளும். அதுவரை சோப்புத் தண்ணீர் வேண்டாம், உலர்ந்த துணியால் துடையுங்கள். கட்டிலின் கொம்பரக்குப் பாலிஷ் விரைவாகக் காயும் என்றாலும், மெத்தையைப் போட ஒரு வாரம் பொறுத்திருங்கள். சூடான தேநீர்க் குவளையை அதன் சட்டத்தின் மேல் வைக்கக் கூடாது, வெள்ளை வளையம் விழும். பாலிஷ் போடும் துணிப் பொட்டலத்தை எப்படிக் கட்டுவது என்பதை நேரில் பார்த்தால்தான் புரியும். தீபாவளிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு உங்கள் வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள், நான் கட்டிக் காட்டுகிறேன். தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன்.